இருவர் மட்டும் சென்ற உலா

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முன்னோருக்கு ‘உலா’ என்பது பழக்கமில்லாத ஒன்று. விடியும் முன்பே பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுப்பது, பால்மரம் சீவுவது, பிற்பகலில் வீடு திரும்பிச் சமைப்பது என்றே அவர்களின் நாள்கள் கழிந்தன. வெளியே செல்வதென்றால் பெரும்பாலும் கோவில் திருவிழாவுக்கோ உறவினர் திருமணத்திற்கோ துக்க வீட்டுக்கோதான் இருக்கும். அதற்கும் குடும்பமே திரண்டு போகும். கணவனும் மனைவியும் மட்டும் மகிழ்ச்சிக்காக ஓரிடம் போய் வருவதைப் பலர் நினைத்தும் பார்த்ததில்லை.

செனாவாங்கில் குடியிருக்கும் ஒரு தம்பதியும் அப்படி வளர்ந்தவர்களே. இருவரும் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது, கணவர் தொழிற்சாலை வேலைக்குச் சென்றார். மனைவி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை செய்தார். மூன்று பிள்ளைகளும் படித்து ஆளாகிவிட்டனர். கணவர் பணி ஓய்வு பெற்ற மார்ச் மாதத்தில் ஒருநாள், “ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் வெளியே போய் வருவோம்மா” என்றார்.

“யார் வீட்டில் விசேஷங்க?”

“யார் வீட்டிலும் இல்லை. நமக்காகத்தான்.”

மனைவி சிரித்துவிட்டார். ஆனாலும் ஞாயிறு காலையில் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொள்ள மறக்கவில்லை.

செனாவாங் நிலையத்தில் கொமுட்டர் இரயில் ஏறினால் அடுத்த நிலையமே சிரம்பான். அங்கிருந்து போர்ட்டிக்சன் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். இவ்விரு ஊர்களையும் இணைத்து 1891ஆம் ஆண்டிலேயே இரயில் பாதை திறக்கப்பட்டது. இன்று அதில் பயணிகள் இரயில் ஓடுவதில்லை. ஆகவே, இருவரும் பேருந்தில் சென்று, பிறகு வாடகை வண்டியில் தஞ்சோங் துவானை அடைந்தனர். காட்டினூடே ஏறிச் செல்லும் பாதையின் முடிவில் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் நின்றது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் விளக்கு அமைத்த அந்த இடத்தில், இப்போதுள்ள கட்டடம் 1863ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது.

அங்கே பலர் தொலைநோக்கியுடன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன் பருந்துகள், மார்ச் மாதத்தில் சுமத்திராவிலிருந்து கடலைக் கடந்து வடக்கு நோக்கித் திரும்புகின்றன. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் காற்றே அவற்றைத் தூக்கிச் செல்லும். கடலின் மேல் அத்தகைய காற்று குறைவு. அதனால்தான் நீரிணை குறுகலாக இருக்கும் இவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. களைத்து வந்த பருந்துகள் கரையை எட்டியதும் சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்ந்தன. “வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்குங்க” என்றார் மனைவி.

நண்பகலில் கடற்கரை நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தனர். மனைவி முதலில் கணவருக்குப் பரிமாறினார். அவர் உண்டு முடித்த பிறகே தம் பங்கை எடுத்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டில் அப்படித்தான். கணவர், பிள்ளைகள், விருந்தினர் என எல்லாரும் உண்டபின் ஆறிய சோற்றை அவர் உண்பார். கணவர் அன்றுதான் அதைக் கவனித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

மாலையில் சிரம்பான் பேரங்காடி ஒன்றிலுள்ள ஜப்பானிய உணவகத்திற்குச் சென்றனர். மகள் அதனை ‘ஹிபாச்சி விருந்து’ என்று சொல்லியிருந்தாள். பெயர்ப்பலகையிலோ ‘தெப்பன்யாக்கி’ என்றிருந்தது. உண்மையில் இவை இரண்டும் வேறு. ஹிபாச்சி என்பதன் பொருள் நெருப்புச் சட்டி. கரி நெருப்பை இட்டு ஜப்பானியர் குளிர்காய்ந்த சட்டி அது. நம் கணப்புச் சட்டியைப் போன்றது. தெப்பன்யாக்கி என்பது இரும்புத் தகட்டில் வாட்டும் சமையல். கோபே நகரத்து உணவகம் ஒன்று 1945ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியது. 1964ஆம் ஆண்டில் நியூயார்க்கில் திறக்கப்பட்ட ‘பெனிஹானா’ உணவகத்தால் இம்முறை அமெரிக்காவில் புகழடைந்தது. அங்குள்ளவர்கள் இதனை ஹிபாச்சி என்றே அழைக்கத் தொடங்கிவிட்டனர்.

விலைப்பட்டியலைப் பார்த்ததும், “ஒரு வாரத்து மீன் செலவுங்க இது!” என்று மனைவி முணுமுணுத்தார். கணவர் கோழியும் இறாலும் கொண்டு வரச் சொன்னார். சமையற்காரர் அவர்களுக்கு எதிரிலேயே நின்று, சூடான தகட்டில் எண்ணெய் தடவிப் பூண்டைத் தூவினார். தவ்கேயும் முட்டைகோசும் சீறின. இரு கரண்டிகளும் தாளம் போடுவதுபோல் தகட்டில் தட்டின. அடுத்தவர் சமைப்பதை உட்கார்ந்து பார்ப்பது மனைவிக்குப் புதுமையாக இருந்தது. “பூண்டு இன்னும் கொஞ்சம் சிவக்கணும்” என்று அவர் மெல்லச் சொன்ன அதே நேரத்தில், சமையற்காரரும் பூண்டை மறுபடி புரட்டினார்.

“மக்சிக், காரம் வேண்டுமா?” என்று மலாய்மொழியில் கேட்ட அவர், முதல் தட்டை மனைவியின் முன்னே வைத்தார். மனைவியின் கை தானாகவே அதனைக் கணவர் பக்கம் தள்ளியது. கணவர் அதனை மெதுவாகத் திருப்பி நகர்த்தினார்.

“சூடாக இருக்கும்போதே சாப்பிடும்மா. என்னுடையது வரும்.”

மனைவி சற்று நேரம் தட்டையே பார்த்திருந்தார். ஆவி இன்னும் அடங்கவில்லை. பிறகு ஓர் இறாலை எடுத்து வாயிலிட்டார். “நன்றாக இருக்குங்க” என்று சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. கணவர் ஏன் என்று கேட்கவில்லை.

தொலைவும் செலவும் மட்டும் உலாவை இனிமையாக்குவதில்லை. வீட்டில் பல ஆண்டுகளாகக் கண்ணில் படாத ஒன்று, வெளியே வந்த ஒரே நாளில் தெரிந்துவிடுகிறது. மறுநாள் மனைவி வழக்கம்போல் மீன் குழம்பு வைத்தார். கணவர் அடுக்களைக்குள் வந்து இரண்டு தட்டுகளை எடுத்துக் கழுவி மேசைமேல் வைத்தார். இருவருக்கும் சோறு ஒரே நேரத்தில் பரிமாறப்பட்டது.