வீடு விற்ற கதை

சனிக்கிழமையன்று குண்டடம் சந்தையில் ஒரு மாடு விலையாவதற்குக் கால் மணி நேரம் போதும். விற்பவரும் தரகரும் கைகளின் மேல் ஒரு துண்டைப் போர்த்திக் கொள்கிறார்கள். துண்டுக்குள்ளே விரல்கள் பேசுகின்றன. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. இருவர் முகத்திலும் சற்றுக் கோபம், சற்றுச் சிரிப்பு. பிறகு கை விலகுகிறது, கயிறு கைமாறுகிறது. அதே ஊரில், அந்தச் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில், ஓர் ஓட்டு வீட்டை விற்பதற்கு நமக்கு ஒன்பது வருஷங்கள் ஆயின.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று எச்சரித்து வைத்த பெரியோர்கள் வீட்டை விற்றுப் பார் என்று சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அந்தக் காலத்தில் யாரும் வீட்டை விற்க நினைக்காததுதான் போலும்.

குண்டடம், பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு மட்டும் குறைவில்லை. அதனால்தான் சுற்று வட்டாரமெங்கும் காற்றாலைகள் நின்று சுழல்கின்றன. வடுகநாதரான காலபைரவர் கோயிலையும், வாரச் சந்தையையும் வைத்தே வெளியூரார் இவ்வூரை அறிவார்கள். அந்தச் சந்தையை நம்பி மளிகைக் கடை வைத்திருந்த நம் தகப்பனார், 1968-ல், ஐந்து சென்ட் நத்தத்தில் கட்டிய வீடு அது. மங்களூர் ஓடு, முன்னால் திண்ணை, உள்ளே ஆசாரம், இரண்டு அறைகள், நடுவில் இரண்டு தேக்குத் தூண்கள். அந்தத் தூண்களை அவர் எங்கிருந்து வண்டியேற்றிக் கொண்டு வந்தார் என்ற சரித்திரத்தை வீட்டுக்கு வந்த எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்கள்.

தகப்பனாரும் தாயாரும் காலமான பிறகு வீட்டுக்கு உரியவர்கள் இருவர்: நாமும் நம் தமக்கையும். நாம் வேலை நிமித்தமாகக் கோயம்புத்தூரில். அக்காள், கணவரை இழந்து, ஒரே பெண்ணோடு திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு. ஆகவே, பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடுவதென்று 2016-ல் தீர்மானித்தோம்.

ஊரில் பணம் இல்லாததால் வீடு விலை போகவில்லை என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. பணம் இருந்தது, நம் தெருவுக்குத்தான் வரவில்லை. பனியன் தொழிலில் நாலு காசு சேர்த்தவர், திருப்பூரிலோ பல்லடத்திலோ மனை வாங்கினார். நிலம் விற்றுப் பணம் பார்த்தவர், கிணற்றோடு கூடிய வேறு நிலத்தைத் தேடினார். வியாபாரம் செய்ய நினைத்தவருக்குச் சாலையோரம் வேண்டியிருந்தது. உள் தெருவில் இருக்கும் பழைய வீட்டை வாங்கக் கூடியவர் உண்மையில் ஒரே ஒருவர்தான். அவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கோ அவசரமே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் நம் சுவர் ஒரு விரற்கடை கரைவதை அவர் தம் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் அல்லவா?

மேலும், வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று நாம் நினைப்பது தவறு. வீட்டுப் பேச்சைப் பொறுத்தவரை ஆடி கிடையாது, புரட்டாசி கிடையாது, மார்கழி கிடையாது. பங்குனியில் பேசலாம் என்று ஒரு தரகரும், கூடாது என்று இன்னொரு தரகரும் சொன்னார்கள். எஞ்சிய மாதங்களில் வந்தவர்களில் ஒருவர், வாசல் தெற்குப் பார்த்திருக்கிறதென்று திண்ணையோடு திரும்பினார். இன்னொருவர் தெருக்குத்து என்றார். எதிரே தெருவே இல்லையே என்று நாம் சொன்னதற்கு, அந்தச் சந்து பிற்காலத்தில் தெருவாகலாம் என்று தீர்க்கதரிசனம் கூறினார். இவர்கள் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்த செலவு நம்முடையது.

இவையெல்லாம் தாமதத்துக்குக் காரணங்களே. ஆனால் முதற் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

2016 செப்டம்பரில் ஒருவர் வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர்ப் பக்கம் வந்து தங்க விரும்பினார். வாசல் எந்தத் திசை என்றுகூடக் கேட்கவில்லை. தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, 14 லட்சம் தருவதாகச் சொன்னார். நாம் 18 என்றோம். இந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் வெட்கமாயிருக்கிறது. சாலையோரத்தில் ஒரு வீடு அந்த விலைக்குப் போனதாகக் காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். அது சாலையோரம், நம்முடையது உள் தெரு என்ற வித்தியாசத்தைத் தகப்பனாரின் தூண்களைக் கொண்டு நாமே சரிக்கட்டிக் கொண்டோம்.

"யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரியவர் போனார். நாம் யோசிக்கவில்லை, அவரே இறங்கி வருவார், மன்னிக்கவும், விலையில் ஏறி வருவார் என்று காத்திருந்தோம். நவம்பர் 8-ந் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு சில மாதங்கள் நம் பக்கத்தில் வீட்டு விலை பேசியவரே இல்லை. அந்தப் பெரியவர் பின்னால் தாராபுரத்தில் குடியேறிவிட்டதாகக் கேள்வி.

14 லட்சத்துக்குக் கேள்வி வந்ததை நாம் அக்காளிடம் சொல்லவே இல்லை.

1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி, தகப்பனார் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப் போன சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்விகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்குண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லும், தேசம் முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்தது. சட்டம் வந்தாலும் வழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? "அக்காளுக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு. ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டீங்கன்னா வேலை சுளுவாப் போயிருமுங்க, மாப்பிள்ளை" என்று உறவினர் ஒருவர் நமக்கு நல்ல புத்தி சொன்னார். கேட்டால் அக்காள் கையெழுத்துப் போட்டிருப்பாள். நாம் கேட்கவில்லை. அதற்காக நம்மை நல்லவனென்று வாசகர்கள் முடிவு கட்ட வேண்டாம். பத்திரமில்லாமலே அவள் பங்கை நாம் ஆண்டுகொண்டுதான் இருந்தோம்.

2017-ம் வருஷம் ஜூன் மாதம் திருப்பூருக்குப் போயிருந்தோம். அக்காள் மகள் பிளஸ் டூ தேறியிருந்தாள். நர்ஸிங் படிக்க ஆசை. கல்லூரிக் கட்டணத்தை ஒரு காகிதத்தில் கூட்டிப் போட்டு வைத்திருந்தார்கள்.

"வீடு ஏதாச்சும் படிஞ்சுதா, தம்பி?" என்று அக்காள் கேட்டாள்.

"இன்னும் படியலக்கா."

"பதினாலுக்குக் கேட்டாங்கன்னு ஊர்ல சொன்னாங்களே?"

நாம் பதில் சொல்லவில்லை. அவளே, "செரி, நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அந்தக் காகிதத்தை மடித்து வைத்தாள். பெண் அந்த மாதமே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். தைத்து வரும் துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, தையல் விட்ட இடம், ஓட்டை, கறை எல்லாம் பார்த்துத் தள்ளுகிற வேலை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதே ஜூன் மாதத்தில் அரசாங்கம் நிலத்தின் வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. இனி ஆட்கள் வருவார்கள் என்றார் தரகர், வரவில்லை. ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, சிறிய தொழில்காரர்கள் கணக்குப் புஸ்தகத்தோடு ஆடிட்டர் வீட்டுக்கு நடந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. நாம் 18-லிருந்து 16-க்கும், 16-லிருந்து 14-க்கும் இறங்கி வந்தோம். நாம் ஒரு விலைக்கு இறங்கும்போது சந்தை அதைவிட ஒரு படி கீழே போய் உட்கார்ந்திருந்தது. உத்தரத்தில் கரையான் ஏறியது. ஒரு ஐப்பசி மழையில் பின் சுவர் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து துக்கம் விசாரித்துவிட்டு, 7 லட்சம் என்றால் தமக்குச் சம்மதம் என்றார்.

2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பழைய அளவுக்கு ஏறி, பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது. முத்திரைத் தீர்வை, கூடுதல் வரி எல்லாம் சேர்த்து வாங்குகிறவருக்கு 9 சதவீதம். பத்து லட்சம் ரூபாய் வீட்டுக்கு 90,000 ரூபாய். நகரத்தில் இது பெரிதாகத் தோன்றாது. எங்கள் தெருவில் இது ஒரு தையல் இயந்திரத்தின் விலைக்கு மேல்.

இயந்திரத்தின் பேச்சை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கடைசியில் வீட்டை வாங்க வந்தவர் ஒரு பவர் டேபிள்காரர். திருப்பூரில் ஓவர்லாக் இயந்திரத்தில் உட்கார்ந்து தொழில் பழகி, பிறகு சொந்தமாக ஒப்பந்தம் எடுத்தவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். விடிவதற்கு முன் கம்பெனி வண்டிகள் கிராமம் கிராமமாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போகின்றன; இருட்டிய பிறகு கொண்டு வந்து விடுகின்றன. "ஆளைத் துணிகிட்டக் கூட்டிட்டுப் போறதுக்குத் துணியை ஆளுகிட்டக் கொண்டாந்துட்டா என்னங்க?" என்றார் அவர். பத்து இயந்திரங்கள் போட இடம் வேண்டும். தூணைப் பார்த்து, "இது நடுவுல மறிக்குமே" என்றார். தூணுக்காக வீட்டை விரும்பியவரை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாம்தான் திருப்பியனுப்பினோம்.

இந்தத் தடவை அக்காளை அழைத்துப் போயிருந்தோம். விலை பேசும்போது அவர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் அக்காள் முகத்தைப் பார்த்தோம். நாம் 11 லட்சம் கேட்டிருந்தோம். "பத்தோட நிறுத்திக்கலாமுங்க. வீட்டுக்காரி பேர்ல பதிஞ்சா எனக்கும் கட்டணம் கொறையுது" என்றார் அவர். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி. பத்துக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் அது கிடைக்காது. அக்காள், "பத்துக்கே முடிச்சுக்கலாம், தம்பி" என்றாள். அவ்வளவுதான். மாடு விற்கும் நேரம்கூட ஆகவில்லை.

அந்த ஜூனில் 50,000 ரூபாய் முன்பணம் வாங்கி, மூன்று மாதக் கெடுவில் ஒப்பந்தம் எழுதினோம். ஆகஸ்டு 27-ந் தேதி, இந்தியாவிலிருந்து போகும் சரக்குகள் பலவற்றுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமாயிற்று. திருப்பூர்ப் பனியனுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. அங்கே ஆர்டர் நின்றால் இங்கே குண்டடத்தில் வீட்டுப் பதிவு நிற்கும் என்பதைத் தகப்பனார் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். மனிதர் வாடிப்போய் வந்து நின்றார். கெடு தவறினால் முன்பணம் நமக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. நமக்குப் புத்தி சொன்ன அந்த உறவினர் இப்போதும் தவறாமல் வந்து அந்த வரியைச் சுட்டிக் காட்டினார்.

நாம் அக்காளுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னோம். "நாம ஒன்பது வருஷம் தவணை எடுத்துக்கிட்டோமே. அந்தப் பையனுக்கு மூணு மாசம் கொடுத்தா என்ன?" என்றாள். 'நாம' என்று அவள் தன்னையும் சேர்த்துச் சொன்னது நமக்கு உறைத்தது.

கார்த்திகையில் பதிவு. 1968-ம் வருஷத்துப் பத்திரத்தில் கோயம்புத்தூர் ஜில்லா என்றிருந்தது. தாராபுரம் தாலுகா 1979-ல் பெரியார் மாவட்டத்துக்குப் போயிற்று. அது பிறகு ஈரோடு என்று பெயர் பெற்றது. 2009-ல் திருப்பூர் மாவட்டமாயிற்று. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு இத்தனை ஊருக்குக் குடிபோன வீடு அது. வாரிசுச் சான்று, நத்தம் பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டு டோக்கனுக்காகக் காத்திருந்தோம். அக்காளோடு அவள் மகளும் வந்திருந்தாள். வயது இருபத்தைந்து; எட்டு வருஷமாக அதே செக்கிங் வேலை.

நேரம் போகாமல், பத்திரத்தை வாங்கி அவள் வாசித்துக் கொண்டிருந்தாள். எழுத்தர் பார்த்தது; வக்கீல் பார்த்தது; நாம் இரண்டு தடவை படித்தது.

"மாமா, கிழமேல் அளவும் தென்வடல் அளவும் இடம் மாறியிருக்குது பாருங்க" என்றாள்.

பழைய பத்திரத்தை எடுத்து ஒத்துப் பார்த்தோம். மாறித்தான் இருந்தது. எழுத்தர் முணுமுணுத்துக் கொண்டே அந்தப் பக்கத்தைத் திருத்தி அச்சடிக்கப் போனார். நம் முறை தவறி, அடுத்த டோக்கன்காரரைக் கூப்பிட்டார்கள். வாங்குகிறவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "எந்தக் கம்பெனியிலங்க செக்கிங்?" என்று விசாரித்தார். அவள் பெயரைச் சொன்னாள்.

மத்தியானத்துக்கு மேல் கையெழுத்தாயிற்று. ஆளுக்கு ஐந்து லட்சம். அக்காள் தன் வரைவோலையை மகளிடம் கொடுத்தாள். அவள் அதையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, பெயர், தொகை, தேதி எல்லாம் பார்த்த பிறகே பைக்குள் வைத்தாள்.