ரம்மியில எப்போ கையைக் கீழ வைக்கணும்?

தீபாவளி நெருங்குது. கிள்ளான் பக்கம் பல வீட்டுல சாப்பாடு முடிஞ்சதும் சீட்டுக்கட்டு வெளிய வரும். கோயில் தொண்டர்கள் சீட்டைப் பத்தி எழுதலாமான்னு கேக்காதீங்க, நாங்களும் ஆடுறவங்கதான். காசு கிடையாது, புள்ளி மட்டும்.

13 சீட்டு ரம்மியில கை மோசம்னா, முதல் சீட்டு எடுக்கும் முன்னயே டிராப் பண்ணிடலாம். 20 புள்ளியோட போச்சு. எடுத்து ஆடிட்டு அப்புறம் விட்டா 40. அடுத்தவர் முடிக்கிற வரைக்கும் பிடிச்சிக்கிட்டு இருந்தா 80 வரைக்கும் ஏறும். அதாவது நாலு டிராப் சேர்ந்தாதான் ஒரு ஃபுல். இதை யாரும் கணக்குப் பார்க்கிறதில்ல.

ஜோக்கர் இல்ல, ஒரே இனத்துல அடுத்தடுத்த ரெண்டு சீட்டு கூட இல்ல, ராஜா ராணி தனித்தனியா நிக்குதுன்னா நாங்க யோசிக்கவே மாட்டோம், வச்சிடுவோம். ஒரே ஒரு ஜோக்கரைப் பார்த்து ஆசைப்படுறவங்கதான் அதிகம் மாட்டுறாங்க. ஜோக்கரை ஒட்டுப் போட்டு சுத்த சீக்குவென்ஸ் ஆகாதே!

ரம்மி முக்கியமா திறமை ஆட்டம்னு 1967-ல இந்திய உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. எதை வச்சிக்கிறது, எதை விடுறதுங்கிறதுதான் அந்தத் திறமை.

எங்க ஃபேக்டரி தம்பி ஒருத்தன் ஓ.டி. காசையெல்லாம் போன் ரம்மியில விட்டுட்டு, 200 வெள்ளி கடன் கேட்டு வந்தான். "விட்டதைப் பிடிச்சதும் நிறுத்திடுறேண்ணே"ன்னான். தருமருக்கு விட்டதெல்லாம் திரும்பக் கிடைச்சுதுடா, மறுபடி கூப்பிட்டதும் போய் உக்காந்தாரு, அப்புறம்தான் 13 வருஷம்னு சொன்னோம். கடன் கொடுக்கல. ஒரு வாரமா எங்ககிட்ட பேச மாட்டேங்கிறான்.