மங்கும் விளக்கும் மிகையாய் ஒளிரும் விளக்கும்



மின்சாரம் முற்றாக நின்றுபோனால் அதனை எவரும் உடனே உணர்ந்துகொள்வர். மெழுகுவர்த்தியைத் தேடுவோம், அண்டை வீட்டிலும் இருள்தானா என்று சன்னல் வழியே எட்டிப் பார்ப்போம். ஆனால் மின்சாரம் இருந்துகொண்டே ஏறி இறங்கும் நிலைதான் நம்மைக் குழப்புகின்றது. விளக்கு துடிக்கும், மின்விசிறி தளர்ந்து பின் விரைந்து சுழலும், மறுகணமே எல்லாம் சீராகிவிடும். "பல்பு பழசாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றோம்.

எங்கள் தாமானில் ஒரு மழைக்கால மாலையில் இந்நிலை ஏற்பட்டது. எங்களுடையது வரிசை வீடு. ஒருபுறம் மலாய்க் குடும்பம். மறுபுறம் தனியாக வாழும் சீன முதியவர். எங்கள் இல்லத்தில் என் மாமியார் நுரையீரல் நோயால் ஆக்சிஜன் கருவியின் துணையோடு மூச்சு விடுகின்றவர். அக்கருவி மின்சாரத்தில் இயங்குவது. ஆகவே, விளக்கு ஒருமுறை துடித்தாலும் எங்கள் கண்கள் அக்கருவியின் பச்சை ஒளியைத்தான் முதலில் நாடும்.

அன்று என் கவனத்தை ஈர்த்தது ஒரு விந்தை. விளக்கு மங்கவில்லை, வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தது. அதுவும், பக்கத்து வீட்டில் ஏர்கோன் ஓடத் தொடங்கும் ஓசை கேட்கும்போதெல்லாம் எங்கள் கூடத்து விளக்கு மேலும் வெளிச்சமானது. மதிலருகே நின்ற மக்சிக், தம் வீட்டு விளக்குகள் அகல்விளக்குப்போல் மங்கிவிட்டன என்றார். சற்று நேரத்தில் சீன முதியவரின் தொலைக்காட்சியிலிருந்து கருகிய நெடி வந்தது.

ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று இரண்டையும் நாம் கற்பிக்கின்றோம். இணை மின்சுற்றில் ஒரு விளக்கை அகற்றினாலும் மற்றது எரிந்துகொண்டிருக்கும். தொடர் மின்சுற்றில் ஒன்றன் நிலை மற்றதைப் பாதிக்கும். நம் வீடுகள் யாவும் தெருவின் மின்தடத்தில் இணையாகவே பொருத்தப்பட்டவை. அண்டை வீட்டில் ஏர்கோன் ஓடினால் எங்கள் விளக்கு சிறிதே மங்கலாம். பளிச்சென்று எரிய வழியில்லை. அப்படி எரிகின்றதென்றால் எங்கள் வீடுகள் தொடராக மாறிவிட்டன என்றுதான் பொருள்.

இதன் காரணம் எளியது. தெருவில் வருகின்ற மின்சாரம் மூன்று மின்கம்பிகளில் வந்து ஒரே நியூட்ரல் கம்பியின் வழியாகத் திரும்புகின்றது. பொதுவாக ஒவ்வொரு வீடும் ஒரு மின்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ளது. 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தத்தின் அளவு 230 வோல்ட். அதற்கு முன்னர் 240. இன்று 216 முதல் 253 வோல்ட் வரை ஏற்றத்தாழ்வு ஏற்கத்தக்கது. ஆனால் இரண்டு மின்கம்பிகளுக்கு இடையேயுள்ள அழுத்தம் 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தாலோ, அதன் இணைப்பு தளர்ந்தாலோ, ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் மின்னோட்டம் மற்றொரு வீட்டின் வழியாகவே திரும்ப வேண்டியதாகின்றது. அந்த 400 வோல்ட்டை இரு வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கோ சமமாக இராது. அதிகக் கருவிகள் ஓடும் வீட்டுக்குக் குறைந்த அழுத்தமும், குறைவாக ஓடும் வீட்டுக்கு மிகுந்த அழுத்தமும் சேர்கின்றன. மக்சிக் வீட்டில் மங்கியதும், எங்கள் வீட்டில் மிளிர்ந்ததும், முதியவர் வீட்டில் கருகியதும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகள்.

"ஆக்சிஜன் மெஷினை அடைத்துவிட்டு மெயின் சுவிட்சையும் அடைக்க வேண்டும்," என்றேன். கணவர் தயங்கினார். "கரண்டுதான் இருக்கிறதே! அம்மாவுக்கு மூச்சு வேண்டாமா?" என்றார். அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. இருக்கின்ற மின்சாரத்தை நாமே துண்டிப்பது எவருக்கும் எளிதன்று. ஆயினும், மிகை அழுத்தத்தில் அக்கருவி எரிந்துபோனால் மறுநாளும் அத்தைக்கு மூச்சுக்கு வழியிராது. மாற்றாக வைத்திருந்த சிலிண்டர் ஐந்து மணி நேரம் வரும் என்று கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சிலிண்டருக்கு மாற்றிய பின்னரே மெயின் சுவிட்சை அடைத்தோம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருட்டுன்னா எனக்கென்ன பயம்? தோட்டத்திலே பார்க்காத இருட்டா, கண்ணு?" என்றார். அண்டை வீட்டார் இருவரையும் அவ்வாறே செய்யச் சொன்னேன். மின்விநியோகப் பழுது எண்ணுக்கு அழைத்து, "விளக்கு துடிக்கிறது" என்று சொல்லாமல், "மூன்று வீடுகளில் அழுத்தம் வெவ்வேறாக உள்ளது, நியூட்ரல் பழுதாக இருக்கலாம், நோயாளி இருக்கின்றார்" என்று தெரிவித்தேன். மூன்று மணி நேரத்தில் ஊழியர்கள் வந்து, கம்பத்தின் மேல் துருவேறிய இணைப்பை மாற்றித் தந்தனர்.

அத்தை சொன்ன தோட்டத்து இருள் என் நினைவிலும் உண்டு. 1894இல் ராவாங் சுரங்கங்களுக்கு மின்னாக்கி கொண்டுவந்த இருவருள் ஒருவர் தமிழரான தம்புசாமி பிள்ளை. மற்றவர் லோக் யூ. நாட்டின் மின்சார வரலாறே அங்கிருந்து தொடங்குவதாகச் சொல்லப்படுகின்றது. எனினும் தோட்டப்புறத் தமிழர் பலரின் வீடுகளுக்கு ஒளி வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நான் சிறுமியாக இருந்தபோதும் எங்கள் தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு ஓய்ந்துவிடும். அதற்குள் வீட்டுப்பாடம் முடிந்தாக வேண்டும். அக்கால மஞ்சள் குமிழ்விளக்கு அழுத்தத்தின் ஒவ்வோர் அசைவையும் காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய எல்.இ.டி. விளக்குகளுள் பல, அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே சீராக எரிகின்றன. ஆகவே விளக்கை மட்டும் நம்பாமல், மின்விசிறியின் வேகத்தையும் குளிர்ப்பெட்டியின் ஓசையையும் கவனிப்பது நன்று.

சில அடையாளங்களை நினைவிற் கொள்ளுங்கள். ஒரே விளக்கு துடித்தால் பழுது அவ்விளக்கிலோ அதன் பிடிப்பிலோ இருக்கலாம். ஓர் அறை முழுதும் துடித்தால் அவ்வறையின் இணைப்பைச் சான்றுபெற்ற வயர்மேனைக் கொண்டு சோதியுங்கள். வீடு முழுதும் துடித்தால், அதிலும் சில விளக்குகள் மிகையாக ஒளிர்ந்தால், காத்திருக்க வேண்டா. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு அழையுங்கள். மின்கசிவிலிருந்து நம்மைக் காக்கும் இ.எல்.சி.பி. இத்தகைய மிகை அழுத்தத்தைத் தடுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் பணி வேறு. கம்பத்திலோ மீட்டரிலோ நாமே கைவைப்பது ஆபத்து.

மறுவாரம் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இரண்டு சிறு விளக்குகளைத் தொடராக இணைத்துக் காட்டிவிட்டு, எங்கள் தெருவின் கதையைச் சொன்னேன். "அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்துதான் சுவிட்சை அடைக்க வேண்டுமா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆம் என்றேன். அன்றைய வீட்டுப்பாடம் ஏட்டில் எழுதுவதன்று: உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே உள்ளது, அதை யார் யார் எட்டி அடைக்க முடியும் என்று பெற்றோரிடம் கேட்டு வருக. பாட்டியின் அறையிலுள்ள அலமாரிக்குப் பின்னால் அது மறைந்திருப்பதாக ஒருவன் வந்து சொன்னான். அவன் தந்தை அந்த வாரமே அலமாரியை நகர்த்தி வைத்தாராம்.