நர்சிங் வகுப்பில் ஒரு சினிமா

ஊசி போடுவதைப் பொம்மையில் பழகலாம். ரத்த அழுத்தம் பார்ப்பதைப் பக்கத்து பெஞ்ச் தோழியிடமே பழகலாம். ஆனால், "எனக்குக் குணமாகாதா சிஸ்டர்?" என்று ஒரு நோயாளி கேட்டால் பதில் சொல்ல எங்கே பழகுவது? 'கண்ணைப் பார்த்துப் பேசு, கவனமாகக் கேள்' என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடலாம். வார்டில் அது போதாது.

இங்கேதான் சினிமா கைகொடுக்கிறது. மருத்துவ சினிமா என்றதும் நம்மில் பலருக்கு 2004-ல் வந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தின் கட்டிப்புடி வைத்தியம் நினைவுக்கு வரும். ஆனால் நர்சிங் மாணவிகளுக்கு அதைவிடப் பொருத்தமானது 2001-ல் மைக் நிக்கோல்ஸ் இயக்கிய 'விட்' என்ற ஆங்கிலப் படம். சினைப்பைப் புற்றுநோய் முற்றிய ஒரு பேராசிரியையாக எம்மா தாம்சன் நடித்திருப்பார்.

அதில் வரும் இளம் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று தவறாமல் கேட்பார். பதிலில் அவருக்கு அக்கறை இருக்காது. சூசி என்ற நர்ஸோ, இரவில் பயந்துபோயிருக்கும் நோயாளிக்கு ஒரு குச்சி ஐஸ் கொண்டுவருவார். அதை இருவரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். பிறகுதான் கஷ்டமான பேச்சு தொடங்கும். இதயம் நின்றுபோனால் மறுபடி இயக்க முயல வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பவர் நோயாளியேதான்.

இந்தக் காட்சியை வகுப்பில் முதலில் சத்தமில்லாமல் போட்டுக் காட்டலாம். சூசி எங்கே உட்காருகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அடுத்து சத்தத்தோடு. பிறகு இரண்டு மாணவிகள் நோயாளியாகவும் நர்ஸாகவும் நடித்துப் பார்க்கலாம். வார்டில் ஒரு நிமிடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது, படத்தில் முடியும்.

நம் ஊருக்கு ஒரு மாற்றம் தேவை. இங்கே கட்டிலைச் சுற்றி மகன், மருமகள், மச்சான் எல்லோரும் நிற்பார்கள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்பார்கள். அந்த இடத்தில் என்ன பேசுவது? அதையும் வகுப்பிலேயே நடித்துப் பார்க்க வேண்டும்.

படத்தின் கடைசியில் அந்த முடிவை மறந்து டாக்டர் சிகிச்சைக் குழுவை அழைத்துவிடுவார். சூசி கத்தித் தடுப்பார். இனிமையாகப் பேசுவது பாதிப் பாடம்தான். நோயாளியால் பேச முடியாதபோது, அவர் சொன்னதை அவருக்காக உரக்கச் சொல்வது மீதிப் பாடம்.

படம் கிடைத்தால் பாருங்கள்.