உயிர்க்கலத்துக்கு ஓர் இலக்கணம்

தமிழை இன்ன ஆண்டில் இன்னார் ஆக்கினரெனக் கூறுதல் எவர்க்கும் இயலாது. ஆயின், அறிஞர் பலர் நாள் குறித்துக் கூடி ஆராய்ந்து ஆக்கிய மொழியொன்று எம் காலத்திலேயே தோன்றியுள்ளது. எம்மிடம் தமிழ் பயின்று, இன்று உயிரியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் பழைய மாணவரொருவர் விடுமுறைக்கு வந்த காலை அதனை எமக்கு விளக்கினார். எஸ்.பி.எம்.எல். என்பது அதன் பெயர். உயிர்க்கலத்தினுள் நிகழும் தாக்கங்களைக் கணினி உணருமாறு எழுதுதற்குரிய குறியீட்டு மொழி அது.

அஃது எழுந்த காரணம் எளிது. குளுக்கோசு கலத்தினுட் புகுவதும், நொதியங்கள் அதனைப் படிப்படியாக மாற்றுவதும் சமன்பாடுகளாக எழுதப்பட்டுக் கணினியில் இயக்கப்படும். இதனை மாதிரியுரு என்பர். 2000ஆம் ஆண்டளவில் இதற்கெனக் கெபாசி, யார்ணாக், ஈ-செல் முதலிய செய்நிரல்கள் பல இருந்தன. ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்று வாசியாது. பிறருடைய மாதிரியுருவைச் சோதிக்க விரும்பியவர், அச்சிட்ட கட்டுரையைப் பார்த்துச் சமன்பாடுகளை மீண்டும் எழுதவேண்டும். ஒரு கழித்தற்குறி விடுபட்டாலும் உழைப்பெல்லாம் பாழ். யப்பானிய அறிஞர் ஹிரோவாகி கிட்டானோ தலைமையேற்ற திட்டத்தின் ஆதரவுடன், கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவகத்தில் இதற்கு வழி தேடினர். ஹக்கா, பினி, சௌரோ, பொலூரி முதலியோர் பொதுமொழியை வகுத்தனர். அதன் முதல் நிலை 2001இல் வெளிவந்தது.

எம்மைக் கவர்ந்தது அதன் இலக்கணமே. அறை, இனம் என்பன பெயர் போல்வன. தாக்கம் வினை போல்வது. ஈண்டு இனமென்பது புலி, மான் என்னும் இனமன்று. ஓர் அறையிலுள்ள ஒருவகைப் பொருளின் தொகுதி. கலத்தின் வெளியேயுள்ள குளுக்கோசும் உள்ளேயுள்ள குளுக்கோசும் இருவேறு இனங்களாகவே எழுதப்படும். வீண் பெருக்கமெனத் தோன்றலாம். ஆயின், உட்புகுதலையே ஒரு தாக்கமாகச் சொல்லவேண்டின் இரண்டு பெயர்கள் வேண்டுமன்றோ?

இனி, தொகைக்கு வருவோம். 'சோறு உண்டான்' என்புழி ஐயுருபு தொக்கு நிற்பினும் கேட்போன் மயங்கான். சோறு அவனை உண்ணாதென்பது அவன் அறிந்ததே. கணினிக்கோ அவ்வுலகறிவு இல்லை. இம்மொழியின் இரண்டாம் நிலையில், ஒரு தாக்கம் மீளுமா மீளாதா என எழுதாது விடின், மீளும் என்றே கொள்ளப்பட்டது. எழுதியவர் கருதித்தான் விட்டாரா, மறந்து விட்டாரா? பின்வருவோர் அறிய வழியில்லை. ஒரு மருந்தின் செயல் பற்றிய முடிபு அம்மாதிரியுருவின்மேல் நிற்குமாயின், இஃது சிறிய ஐயமன்று. 2010இல் வெளிவந்த மூன்றாம் நிலை இத்தொகையை நீக்கிற்று. இரண்டில் ஒன்றை வெளிப்பட எழுதியே ஆகவேண்டும். அந்நூலை வகுத்தோர் செய்த திருத்தங்களுள் இதனையே யாம் தலையாயதெனக் கொள்வோம்.

ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவகத்தின் பயோமொடல்ஸ் களஞ்சியம் 2005இல் தொடங்கப்பட்டது. இம்மொழியில் எழுந்த மாதிரியுருக்களை எவரும் அங்கே பெறலாம். மதுவத்தில் குளுக்கோசு சிதைவதை விவரிக்கும் கோப்பொன்றை அச்சிட்டு வைத்துள்ளோம். இலக்கணத்தாற் பயன் யாதென வினவும் விஞ்ஞான மாணவரிடம் அதனை நீட்டி, பெயர் எது, வினை எது, தொக்கு நிற்பது எது எனக் கேட்பது இப்போது எம் வழக்கம்.