பொனி வளர்ந்தால் குதிரையாகுமா?

போன வருசம் என் மகள் குதிரை ஓடப் பழகத் தொடங்கினாள். வயது எட்டு. ஜேர்மனியில் பெண்பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது புதினமில்லை. வகுப்பில் ஒருத்தி தொடங்கினால் காணும், மற்றவர்கள் வீட்டில் நிம்மதி இல்லை.

முதல் நாள் அவளை ஏற்றிய மிருகம் என் நெஞ்சளவு உயரம். "இந்தக் குட்டி எப்ப பெரிய குதிரையாகும்?" என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். அந்த மனுசி சிரித்துவிட்டா. "இவருக்கு 22 வயது. இதுக்கு மேல வளர மாட்டார்."

இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். 'டாஸ் லேபன் இஸ்ற் கைன் பொனிஹோஃப்', வாழ்க்கை ஒன்றும் பொனிப்பண்ணை இல்லை என்று, எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஆனால் பொனி என்றால் குதிரைக்குட்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

உண்மையில் குதிரைக்குட்டி பிறக்கும்போதே கால் நீண்டுதான் பிறக்கும். உடம்பு சின்னது, கால் மட்டும் நெடுநெடு என்றிருக்கும். பொனி அதற்கு எதிர்மாறு. உடம்போடு பார்க்கக் கால் கட்டை, கழுத்து தடிப்பு, பிடரிமயிர் அடர்த்தி, குளிருக்குக் கம்பளி போர்த்த மாதிரி ரோமம். போட்டிகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் அளந்து, லாடம் இல்லாமல் 148 சென்ரிமீற்றருக்கு மேல் போகாவிட்டால் பொனி. ஆனால் அந்தக் கணக்கும் எல்லா இடமும் செல்லாது. ஐஸ்லாந்துக் குதிரைகளில் அநேகமானவை அந்த அளவுக்குள்தான் நிற்கும். அவற்றைப் பொனி என்று சொன்னால் வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வரும்.

இதையெல்லாம் மகள் என்னைவிட வேகமாகப் படித்தாள். அதுதான் பிரச்சினையாகிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். அவர் நெடுந்தீவில் பிறந்தவர். 1985 இல் இங்கே வந்தார். ஊரைப் பற்றிப் பெரிதாகக் கதைக்க மாட்டார். நாங்களும் கேட்டுப் பழகவில்லை. பேத்தி குதிரைக் கதை சொல்லக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்து ஒரு படம் காட்டினார். வெட்டை வெளி, கல் அடுக்கிய வேலி, மேய்கிற ஒரு கூட்டம்.

"பாருங்கோ பிள்ளை, எங்கட ஊரில குதிரையள் இப்படித்தான் தன்பாட்டில திரியும்."

மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அம்மப்பா, இது குதிரை இல்லை. பொனி."

பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்பா "ஓ, அப்படியே" என்று மட்டும் சொல்லி, போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாற்பது வருசத்தில் ஒருநாள் திறந்த கதவு, ஒரு சொல்லில் மூடிவிட்டது.

வசந்தத்தில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டூல்மன் போனேன். றூர் பக்கத்தில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டம். அங்கே மேர்ஃபெல்டர் புரூஹ் என்ற காட்டுவெளியில் ஏறக்குறைய 400 குதிரைகள் கட்டுக்காவல் இல்லாமல் வாழ்கின்றன. 1316 ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றிலேயே இவை பற்றிப் பேச்சு இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் கடைசிச் சனிக்கிழமை, ஒரு வயது ஆண்குட்டிகளை மட்டும் பிடித்துப் பிரித்தெடுப்பார்கள். மற்றபடி அவை பாட்டில் விடுவார்கள். உயரம் 130 சென்ரிமீற்றர் அளவுதான்.

பலகையில் 'வில்ட்ஃபேர்ட்' என்று எழுதியிருந்தது. காட்டுக்குதிரை.

மகள் நின்று வாசித்தாள். "அம்மா, இது பொனி அளவுதானே? ஏன் குதிரை எண்டு போட்டிருக்கு?"

நான் வாய் திறக்க முதல் அப்பா சொன்னார்: "புத்தகத்தில மட்டக்குதிரை எண்டு எழுதுவினம். அதோட இருக்கிற ஆக்களுக்கு அது குதிரைதான்."

பிறகு நிறுத்தவில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை என்று ஊரில் சொல்வார்களாம். கிடைத்த புல்லில் சீவித்துப் பழகியவை என்றார். அது எனக்கு உடனே விளங்கியது. கொழுத்த புல்வெளியில் விட்டால் பொனிக்குக் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்க முடியாமல் போகும் என்று பயிற்சியாளர் எச்சரித்திருந்தா. குறைவில் வாழ உருவான உடம்பு அது. வளர்ச்சி நின்றுபோன குதிரை இல்லை. அதன் அளவில் அது முழுசு.

திரும்பி வரும்போது காருக்குள் அமைதி. பின்சீற்றில் இருந்து மகளின் குரல் வந்தது. வழமையாக அம்மப்பாவோடு ஜேர்மன் மொழியில்தான் கதைப்பாள். அன்றைக்குச் சொல்லைத் தேடித் தேடித் தமிழில் கேட்டாள்:

"அம்மப்பா, அங்க மழை இல்லாட்டி குதிரை என்ன குடிக்கும்?"

அப்பா கொஞ்ச நேரம் றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோடையில தண்ணி இல்லாமல் சாகும் பிள்ளை. இப்பவும் சாகுதாம். நான் உங்கட வயசில கிணத்தில அள்ளித் தொட்டிக்குள்ள ஊத்துவன். இரவில வந்து குடிக்கும். சத்தம் கேட்கும்."

"என்ன சத்தம்?"

அப்பா அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார். எனக்கு வயது முப்பத்தெட்டு. அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.