கழிபொருளும் கைவினையும்

நம் கல்லூரியின் விழா மலருக்குப் பழைய நினைவுகளுள் ஒன்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். விளையாட்டரங்கின் வெற்றிகளையும் விடுதி வாழ்வின் குறும்புகளையும் எம்மினும் நன்றாக எழுதவல்ல அன்பர் பலர் உளர். ஆதலின், பெரும்பாலோர் மறந்துபோன ஒரு வகுப்பைப் பற்றிச் சில சொல்ல விழைந்தோம். வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில், கடைசி இரு பாடவேளைகளில், கட்டடத்தின் பின்புறத்து ஓலைக் கொட்டிலில் நடைபெற்ற கைப்பணி வகுப்பே அது. அவ்வகுப்புக்குப் புத்தகம் இல்லை, சோதனை இல்லை, புள்ளியும் இல்லை. ஆயினும், 1960 களில் யாம் கற்றவற்றுள் இன்றும் எம்மை விட்டு நீங்காதிருப்பவை அங்குக் கற்றவையே.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. இவ்விரு கரையிலும் வாழ்ந்த நம் முன்னோர் கடைக்குச் சென்று வாங்கிய பொருள் மிகச் சில. தென்னோலை கிடுகாயிற்று, ஈர்க்கு விளக்குமாறாயிற்று, சிரட்டை அகப்பையாயிற்று, தும்பு கயிறாயிற்று. பனையோலையிலிருந்து பெட்டியும் கடகமும் நீற்றுப்பெட்டியும் மீன் கொண்டுவரும் உமலும் பிறந்தன. நீரோரங்களில் தானே வளர்ந்த பன்னை வெட்டி உலர்த்திச் சாயம் தோய்த்துப் பாய் இழைத்தனர். தமிழ்ப் பெண்டிரும் முஸ்லிம் பெண்டிரும் ஒருங்கே வல்லவராயிருந்த தொழில் அது. ஆழமில்லா நீரில் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கரப்பும் வீட்டு முற்றத்திலேயே கட்டப்பட்டது. இவற்றை எவரும் கலை என்று அழைத்ததில்லை. பயன்பட்ட வரை பயன்பட்டன. பழுதுற்றபின் அடுப்பெரித்தன, அல்லது மண்ணுக்கு எருவாயின.

பிள்ளைகளாகிய எமக்கோ ஊர் முழுவதும் விளையாட்டுப் பொருட் கடையாகவே இருந்தது. பூவரசம் இலையைச் சுருட்டினால் பீப்பீ. குருத்தோலையை மடித்தால் பாம்பும் கிளியும் பந்தும். இரு பனங்காய்களைக் குறுந்தடி ஒன்றின் இரு முனையிலும் செருகிக் கவைக்கோலால் தள்ளினால் வண்டி. வெற்றுப் பால்பேணியும் தேய்ந்த இறப்பர்ச் செருப்பும் கிடைத்துவிட்டால் நான்கு சில்லு மோட்டார் வண்டி!

எம் கைப்பணி ஆசிரியர் இவ்விளையாட்டுகளையே பாடமாக்கினார். வெறும் நூற்கட்டையின் விளிம்பிற் பற்கள் வெட்டுவிப்பார். அதன் துளையினூடே இறப்பர் வளையமொன்றைச் செலுத்தி, ஒரு முனையைச் சிறு ஆணியாற் பிணித்து, மறுமுனையில் மெழுகுவர்த்தித் துண்டொன்றையும் நீண்ட குச்சி ஒன்றையும் இணைக்கச் செய்வார். முறுக்கிவிட்டால் அது தானே ஊர்ந்து புத்தகத்தின் மேலேறும். "மெழுகு எதற்கு?" என்று கேட்பார். யாம் விழிப்போம். அதனை அகற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வார். குச்சி கட்டையோடு உராய்ந்து வண்டி திணறி நின்றுவிடும். உராய்வு என்னும் சொல்லைப் பௌதிகப் புத்தகத்திற் காண்பதற்கு ஈராண்டு முன்னரே யாம் அதனை விரலால் அறிந்திருந்தோம்.

அக்கொட்டிலில் ஒரு விதி உண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் உள்ளே வரலாகாது. பசை கூட வீட்டிற் காய்ச்சிய கோதுமை மாப் பசையே. அவ்விதியின் பொருள் அக்காலத்தில் எமக்கு விளங்கவில்லை. கடைசி வாங்கில் இருந்த மாணவனொருவனால் அது பின்னர் விளங்கிற்று. படுவான்கரையிலிருந்து தோணியேறி வருபவன் அவன். அவனுடைய தாய் பாய் இழைத்து விற்று அவனைப் படிப்பித்தாள். அதனை எம்மிடமிருந்து மறைப்பதற்கு அவன் பட்ட பாடு கொஞ்சமன்று. ஒரு வெள்ளிக்கிழமை, பாயின் விளிம்பு பிரியாமல் மடித்து முடிக்கும் வகை எமக்கு வாய்க்கவில்லை. ஆசிரியர் அவனை அழைத்து, "தம்பி, இவர்களுக்கு நீர் காட்டும்" என்றார். முதல் வாங்கு மாணவர் அனைவரும் அவனைச் சூழ்ந்து குனிந்து நின்று கற்றோம். அதன்பின் அவன் தன் தாயின் தொழிலை மறைத்ததாக யாம் அறியோம். கைப்பணி என்பது சிக்கனம் பற்றிய பாடம் மட்டும் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஊரின் கூத்துக் களரியும் எமக்கொரு பள்ளியாயிற்று. வடமோடிக் கூத்தில் அரச வேடத்தார் அணியும் கரப்புடுப்பு, இடையிலிருந்து வளையம் வளையமாக விரிந்து நிற்பது. விளக்கொளியில் அரசனின் முடியிலும் மார்பிலும் மின்னும் மணிகளைக் கண்டு வியந்த யாம், களரி கலைந்தபின் அருகே சென்று பார்த்தால், அவை உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடியின் துண்டுகளும் வண்ணத்தாளுமாக இருக்கும். மென்மரம், பழந்துணி, கண்ணாடி, பசை ஆகியவற்றைக் கொண்டு ஓர் அரசவையையே அண்ணாவியார் ஆக்கிவிடுவார். 1962 இல் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனையில் கர்ணன் போர் கூத்தை மேடையேற்றியபோது கற்றோர் உலகம் நம் கூத்தை நிமிர்ந்து பார்த்தது. ஊராரோ அதற்கு முன்னரும் அவ்வுடையைத் தம் கையாலேயே கட்டிவந்தனர்.

நிற்க. கழிபொருளிற் செய்ததெல்லாம் நன்று என்று கூறுவாரோடு யாம் உடன்படோம். மின்சாரம் எட்டாத நாளில் ஏழை வீடுகளில் எரிந்தது குப்பி விளக்கு. வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் வார்த்து, மூடியிற் துளையிட்டுத் திரி செருகிய விளக்கு அது. செலவு சிறிது, ஆபத்துப் பெரிது. உயர்ந்து மெலிந்த போத்தல் எளிதிற் சரியும், சரிந்தால் உருளும், தளர்ந்த மூடி கழன்று எண்ணெய் பரவித் தீப்பற்றும். எம் அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி அவ்வாறே எரியுண்டாள். ஏழு நாள் வைத்தியசாலையிற் கிடந்து இறந்தாள். அவ்விளக்கைச் செய்தவர் அவளுடைய தந்தையார். அதன்பின் அவர் எந்தப் பொருளையும் கையாற் செய்ததை யாம் காணவில்லை.

இத்துயரை இலங்கையிற் பலர் கண்டனர். ஒருவர் அதனைத் தீர்க்கவும் முனைந்தார். விஜய கொடகும்புர என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், எரியுண்டு வந்தோரைப் பார்த்துப் பார்த்து, விளக்கின் வடிவையே மாற்ற எண்ணினார். குள்ளமாயும் கனமாயும் உள்ள மார்மைற் போத்தல் அவருக்கு வழிகாட்டிற்று. எளிதிற் சரியாத தாழ்ந்த உருவம், சரிந்தாலும் உருளாதபடி இரு தட்டைப் பக்கங்கள், தடித்த கண்ணாடி, திருகிப் பூட்டும் மூடி ஆகிய இவையே அவர் அமைத்த சுதீப விளக்கின் இலக்கணம். பழைய கண்ணாடியை உருக்கியே அதனை வார்த்தனர். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மலிவான பொருளும் எளிய செய்கையும் இங்கும் உண்டு. அவற்றோடு ஆராய்ச்சியும் சேர்ந்தது. எம் ஆசிரியர் மெழுகை அகற்றிப் பார்க்கச் சொன்னதும் இதற்காகவே போலும்.

இடுக்கண் வந்த காலங்களில் நம் மக்களைக் காத்ததும் கைத்திறனே. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியில் மட்டக்களப்பின் தென்னைகள் எண்ணிறந்தன வீழ்ந்தன. வீழ்ந்த மரமே தூணாகவும் ஓலையே கூரையாகவும் ஆக, ஊரார் கொட்டில்களை எழுப்பிக்கொண்டனர். 1990 களில் வடக்கே பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருகியபோது, ஜாம் போத்தலின் அடியிற் சிறிதளவு எண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை மாணவர் படித்துத் தேறினர். அதே காலத்தில், 1996 இல், மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பெற்றது. போரில் உற்றாரை இழந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கு ஒன்றாயிருந்து களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை புனைந்தனர். வாயாற் சொல்லவியலாத துயரைக் கை சொல்லும் என்பதை அறிந்தோர் செய்த பணி அது.

அறிஞரும் இதனை எண்ணாமலில்லை. கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியைக் காந்தியடிகள் 1937 இல் வார்தாவில் முன்வைத்தார். நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் உள்ளூர்த் தொழில்களைப் பாடசாலைக்குட் கொணர்ந்தது. 1977 இன் ஆட்சி மாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது. "என் மகன் பாய் இழைக்கவா கல்லூரிக்கு வருகிறான்?" என்று பெற்றோர் கேட்டதை யாம் செவியாரக் கேட்டோம். தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் கொண்டு கேத்திரகணிதம் கற்பித்த இந்தியரான அரவிந்த் குப்தாவுக்கு 2018 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அன்று நகைத்தோர் இன்று அவருடைய விளையாட்டுப் பொருள்களைத் தம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர்.

இனி, எம் மனத்தை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளின் முன் ஒரு பாடசாலையின் கைப்பணிக் கண்காட்சிக்கு நடுவர் மூவருள் ஒருவராக அழைக்கப்பெற்றோம். மேசை நிறைய ரெஜிபோம் மாளிகைகளும் கடையில் வாங்கிய பளபளப்புத் தாள்களும் விளங்கின. பல பெற்றோரின் கைவண்ணம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஓரத்தில், யோகட் கோப்பைகளும் எழுதித் தீர்ந்த பேனைக் குழாயும் கொண்டு ஒரு சிறுவன் செய்த நீர்ச்சக்கரம் இருந்தது. "இதனைக் கழற்றி மறுபடியும் பூட்டுவாயா?" என்றோம். கணப்பொழுதிற் பூட்டி ஓட்டிக் காட்டினான். மாளிகைக்கு உரிய பிள்ளையிடம் அதன் தூண் எவ்வாறு நிற்கிறது என்று வினவ, அப்பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. ஆயினும் முதற்பரிசு மாளிகைக்கே சென்றது. எம் கூற்று இருவருக்கு எதிர் ஒன்றாயிற்று. அச்சிறுவன் தன் சக்கரத்தைக் கடதாசிப் பையில் இட்டுக்கொண்டு வீடு திரும்பியதைக் கண்டோம். செலவழித்தோரே செய்தோராவர் என்று அன்று அவன் கற்றிருப்பானாயின், அது பாடசாலை கற்பித்த பாடமன்றோ?

ரெஜிபோம் உணவுப்பெட்டியும் மெல்லிய பொலித்தீனும் 2017 செப்டெம்பரில் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. உணவுக்கு ஆகாதென்ற பொருளை அறிவுக்கு ஆகுமென்று பிள்ளைகள் கையிற் கொடுப்பது முரணாகும். பிளாத்திக்குப் போத்தலை வெட்டிப் பூச்சாடி செய்வதனால் மட்டும் வாவி தூய்மையாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு திங்களில் அப்பூச்சாடியும் குப்பையாகும். பன்பாய் மண்ணோடு மண்ணாயிற்று. பிளாத்திக்குப் பாய் ஆகாது. ஆகவே, ஒரு பொருளைச் செய்யுமுன் அது பழுதுற்றபின் எங்கே போகும் என்று மாணவர் கேட்கப் பழகவேண்டும்.

விழாக் காணும் கல்லூரிக்குப் பழைய மாணவர் கட்டடமும் கணினியும் அளிப்பர், அவை வேண்டுவனவே. யாம் வேண்டுவது சிறிது. பின்புறத்தில் ஒரு கொட்டில் மீண்டும் எழுக. அதில் வாரம் இரு பாடவேளை நடைபெறுக. வாங்கிய பொருள் அதனுட் புகாதிருக்க. வாவிக்கரையில் இன்னும் பாய் இழைக்கும் தாய்மாரையும் கூத்துடை கட்டும் அண்ணாவிமாரையும் அழைத்து ஆசிரியர் இருக்கையில் இருத்துக. கடைசி வாங்கிலுள்ள பிள்ளை எழுந்து முன்வந்து தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குக் காட்டும் ஒரு மணி நேரமேனும் நம் கல்லூரியில் இருத்தல் வேண்டும். கொட்டிலுக்கான கிடுகை அளிக்க யாம் ஆயத்தமாயுள்ளோம். வாழ்க நம் கல்லூரி!